காருக்குப் பெயின்ட்: வீட்டிலா, பட்டறையிலா?

பெயின்ட் வேலையில் பாதிக்கு மேல் தேய்ப்பதுதான். பழைய பூச்சை வாட்டர் பேப்பரால் தேய்த்து, பள்ளங்களில் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, மறுபடி 600 எண் தாளால் சமமாக்க வேண்டும். பொறுமை இருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். கூலி மிச்சமாவதும் இங்கேதான். அவசரப்படும் பட்டறையைவிட நன்றாகக்கூட வரும்.

ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்ததும் சிக்கல் தொடங்குகிறது. திறந்த வெளியில் ஒரு கொசு போதும், பானெட் பாழ். கை ஒரு கணம் நின்றால் பெயின்ட் வழியும். தள்ளிப் பிடித்தால் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகக் காயும். நல்ல பட்டறையில் வடிகட்டிய காற்றுள்ள அறையும், சுமார் 60 டிகிரி செல்சியஸில் காயவைக்கும் வசதியும் இருக்கும் (எல்லா இடத்திலும் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள்). மெட்டாலிக் நிறமென்றால் நான் யோசிக்கவே மாட்டேன், பட்டறைதான். நிறக் குறியீட்டைச் சொல்லி வாங்கினாலும், வெயிலில் வெளுத்த பக்கத்துக் கதவோடு அது ஒட்டாமல் நிற்கும்; அந்த வேறுபாட்டை மறைக்கத் தேர்ந்த கை வேண்டும்.

ஹார்டனர் (பெயின்ட்டை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பெயின்ட்டில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கும். அதற்குத் துணி முகக்கவசம் உதவாது. ஆஸ்துமா வரை கொண்டுபோய்விடும். பம்பர் கீறலுக்கு ஸ்பிரே டப்பாவோடு வீட்டிலேயே இறங்கலாம். முழு வண்டிக்கு வேண்டாம்.