நாய், பூனை பல் சுத்தம்: சில வருஷம் பயன்படுத்திப் பார்த்ததில்

செல்லப் பிராணிகளின் வாய் நாற்றத்துக்கென்று கடையில் விற்பதில் பாதி எங்கள் கோபிச்செட்டிபாளையம் தோட்டத்துக்கு வந்து போயாச்சு. பிரஷ், பேஸ்ட், மெல்லும் குச்சி, தண்ணீரில் கலக்கும் மருந்து, நடுவில் ஒருமுறை ஸ்கேலிங், அதாவது டாக்டர் பல் காரையைச் சுரண்டி எடுப்பது. நாய் லேப்ரடார், பூனை சாதா நாட்டுப் பூனை. இத்தனையிலும் கொடுத்த காசுக்கு உழைத்தது பிரஷ் ஒன்றுதான்.

"நாய்க்குப் பல்லு வெளக்கி உடறதெல்லாம் ஒரு வேலையா கண்ணு?" என்பார் அப்பத்தா. அவர் காலத்துத் தோட்டத்துச் சாளையில் இருந்த நாயின் வாயைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

விரலில் மாட்டும் சிலிகான் பிரஷ் பழக்கிவிடுவதற்கு நல்லது. ஈறு ஓரத்து அழுக்கை அது எடுப்பதில்லை. சின்னக் குழந்தைகளுக்கு விற்கும் மெத்தென்ற பிரஷுக்கு மாறினோம், இன்றுவரை அதுதான். நாய்க்கு 42 பல். அத்தனையையும் தேய்க்க நினைத்தால் இரண்டாம் நாளே ரெண்டு பேருக்கும் அலுத்துவிடும். மேலுதட்டைத் தூக்கினால் கடைவாயில் ஒரு பெரிய பல் தெரியும். எச்சில் வந்து விழுகிற இடம் அதன் பக்கத்தில் இருப்பதால் மஞ்சள் காரை முதலில் பிடிப்பது அங்கேதான். அதன் வெளிப்பக்கத்தையும் கோரைப்பல்லையும் ஈறோடு சேர்த்து, பக்கத்துக்கு அரை நிமிஷம் தேய்த்தால் போதும். உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். விளக்கி முடித்தால்தான் ராத்திரிச் சோறு என்று வைத்திருக்கிறோம். இப்போது பிரஷை எடுத்தாலே வாலாட்டிக்கொண்டு வந்து உட்காருகிறது.

பேஸ்ட் நாய்க்கென்றே விற்கும் கோழி வாசனை என்சைம் பேஸ்ட். நுரைக்காது, விழுங்கினாலும் கெடுதல் இல்லை. நாம் விளக்கும் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நாய் துப்பாது, ஃபுளோரைடு வயிற்றுக்குள் போகும். சைலிட்டால் என்ற இனிப்பு கலந்த பேஸ்டாக இருந்தால் சர்க்கரை அளவு சடாரென்று இறங்கும், ஈரலும் கெடும். பேஸ்ட் தீர்ந்த நாளில் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷே போதும், தேய்ப்பதில்தான் விஷயம்.

மெல்லும் குச்சி நாயைப் பொறுத்தது. எங்களுடையது ரெண்டு கடியில் விழுங்கிவிடும், அதனால் எடை கூடியதுதான் மிச்சம். நிதானமாகக் கடிக்கும் நாய் என்றால் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கறி எலும்பைப் போடாதீர்கள் என்றால் நம்மூரில் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன்: வெந்த எலும்பு சிலும்பாக உடையும், கெட்டி எலும்பில் அந்தப் பெரிய கடைவாய்ப் பல்லே பிளந்துபோகும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பதியாத எதையும் மெல்லக் கொடுக்கக் கூடாது என்பது கால்நடை டாக்டர்கள் சொல்லும் கணக்கு.

ஸ்கேலிங்கைப் பற்றி. அழுக்கு ரெண்டு மூணு நாளிலேயே காரையாக இறுக ஆரம்பித்துவிடும், அப்புறம் பிரஷுக்கு அசையாது. ஸ்கேலிங்தான் வழி, அதுவும் முழு மயக்கத்தில். மயக்கம் இல்லாமல் சுரண்டித் தருகிறோம் என்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வெள்ளையாக்குவார்கள், வியாதி இருப்பதோ ஈறுக்குக் கீழே. எங்களுக்கு முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்தார்கள். காலையில் விட்டு சாயங்காலம் கூட்டி வந்தோம். செலவு கொஞ்சம் கடிக்கத்தான் செய்தது. அன்று ராத்திரி கூழாக்கிய சோறு, ஈறு ஆறினதும் மறுபடி பிரஷ். விட்டால் காரை திரும்ப ஏறிவிடும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால், சிக்கலான கேஸ் என்றால் நம் பக்கத்துக்காரர்கள் ரொம்ப தூரம் ஓட வேண்டியதில்லை.

பூனை கதை வேறு. தண்ணீரில் மருந்து கலந்ததும் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. பூனை தண்ணீர் குடிக்காமல் இருப்பது வாய் நாற்றத்தைவிட ஆபத்து, உடனே நிறுத்தினோம். பிரஷையும் வாய்க்குள் விட அது சம்மதிக்கவில்லை. விரலில் துணி சுற்றி, கருவாட்டுத் தண்ணீரைத் தொட்டுத் துடைத்தால் சில நாள் சம்மதிக்கும், அவ்வளவே. போன வருஷம் பசியோடு தட்டுக்கு ஓடி வரும், ஒரு வாய் கடித்ததும் தலையைச் சாய்த்து உதறிக்கொண்டு பின்வாங்கும். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றின்மேல் ஈறு சிவப்பாக ஏறியிருந்தது. எக்ஸ்ரேயில் பல் உள்ளுக்குள் அரித்துப்போயிருந்தது. பூனைகளுக்கு அடிக்கடி வருவதுதான், விளக்கித் தடுக்க முடியாது, பிடுங்குவதுதான் வைத்தியம். பிடுங்கிய வாரத்திலேயே பழையபடி சாப்பிட ஆரம்பித்தது. அதனால் பூனை வளர்ப்பவர்கள் பொருள் வாங்கும் காசை மிச்சம் பிடித்து, வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் வாயைக் காட்டிவிடுங்கள்.