வரப்போகும் மருத்துவ ஆய்வுகளைத் தேட சி.டி.ஆர்.ஐ.: குமரி–கேரள எல்லையிலிருந்து ஒரு மதிப்பீடு

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தில் பெரிய நோய் என்று தெரிந்தால் வண்டி திரும்புவது பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்குத்தான். மெடிக்கல் காலேஜ், ஆர்.சி.சி. எனும் வட்டாரப் புற்றுநோய் மையம், ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம் மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஓ.பி. வரிசையில் நிற்கும்போது, "புது மருந்து டிரையல் ஒண்ணு வரப்போகுதாம், சேர்ந்தா எல்லாம் இலவசமாம்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அது உண்மையா, எந்த ஆஸ்பத்திரியில், எப்போது தொடங்கும், நம் வீட்டு நோயாளிக்குப் பொருந்துமா என்பதைப் பயணச் செலவு இல்லாமல் பார்த்துக்கொள்ள ஓர் அரசு இணையதளம் இருக்கிறது: சி.டி.ஆர்.ஐ., அதாவது இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு.

ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய மருத்துவப் புள்ளியியல் நிறுவனம் 2007 ஜூலையில் இதைத் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்து டிரையல்களை இதில் பதிவது கட்டாயமானது. 2018 ஏப்ரல் 1 முதல் விதி இன்னும் இறுகியது: முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும், தொடங்கிவிட்டுப் பிறகு வந்தால் ஏற்பதில்லை. வரப்போகும் டிரையலைத் தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு விதிதான் பெரிய துணை. தேடுவதற்குக் கட்டணம் இல்லை, லாகினும் வேண்டாம்.

எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தகவலின் நம்பகத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம். நோயாளிக்குப் புரியும்படி சொல்வதில் மிகவும் பின்தங்கியிருக்கிறது. பதிவுகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன, அதுவும் டாக்டருக்கு டாக்டர் எழுதிக்கொள்ளும் ஆங்கிலம். தமிழிலோ மலையாளத்திலோ நான்கு வரிச் சுருக்கம்கூடக் கிடையாது. பொதுப் பணத்தில் நடக்கும் பதிவேட்டில் இது பெரிய குறை, திருத்தக்கூடிய குறையும்கூட. ஆனால் எந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், பத்தாம் வகுப்பு ஆங்கிலம் தெரிந்த பிள்ளை ஒருவரை உடன் வைத்துக்கொண்டு வேண்டியதை எடுத்துவிடலாம்.

தேடல் பெட்டியிலேயே முதல் சிக்கல். நீங்கள் தட்டும் சொல்லை அது அப்படியே தேடும், ஒத்த பொருள் உள்ள வேறு சொற்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. 'ஹார்ட் அட்டாக்' என்று போட்டால் ஒரு பட்டியல், 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று போட்டால் வேறு பட்டியல். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயரை டாக்டர் எப்படி எழுதியிருக்கிறாரோ அதே எழுத்தில் போடுங்கள். புற்றுநோய் என்றால் உறுப்பின் பெயரோடு 'கார்சினோமா', 'கேன்சர்' இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஊர்ப் பெயரிலும் இதே தொல்லை: திருவனந்தபுரம் என்றும் இருக்கும், டிரிவாண்ட்ரம் என்றும் இருக்கும், கன்னியாகுமரிக்கு ஒற்றை 'என்' போட்டதும் உண்டு, இரட்டை போட்டதும் உண்டு. நோயை வைத்துத் தேடிவிட்டு, பிறகு ஒவ்வொரு பதிவிலும் 'சைட்ஸ் ஆஃப் ஸ்டடி' என்ற கட்டத்தில் ஊரைப் பார்ப்பதே பாதுகாப்பு.

அடுத்துப் பார்க்க வேண்டியது 'ரெக்ரூட்மென்ட் ஸ்டேட்டஸ்'. 'நாட் யெட் ரெக்ரூட்டிங்' என்றால் இனிமேல்தான் தொடங்கும். 'ஓப்பன் டு ரெக்ரூட்மென்ட்' என்றால் இப்போது ஆள் எடுக்கிறார்கள். ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, ஏனென்றால் இந்த வரியை மாற்ற வேண்டியவர் ஆய்வை நடத்தும் டாக்டர். பதிவு செய்யும்வரை இருக்கும் அக்கறை அதற்குப் பிறகு பலருக்கு இருப்பதில்லை. தொடங்கி முடிந்த ஆய்வுகூட 'இனிமேல்தான்' என்று காட்டிக்கொண்டு கிடக்கும். சரிபார்க்க மூன்று தேதிகளைச் சேர்த்துப் படியுங்கள்: பதிவெண்ணுக்குள்ளேயே இருக்கும் வருடமும் மாதமும், 'லாஸ்ட் மாடிஃபைடு ஆன்' தேதி, இந்தியாவில் முதல் நோயாளியைச் சேர்க்க உத்தேசித்த தேதி. உத்தேசத் தேதி கடந்து ஒரு வருடம் ஆகியும் பதிவை யாரும் தொடவில்லை என்றால், போன் செய்து கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

'சைட்ஸ் ஆஃப் ஸ்டடி' கட்டத்தில் உங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. கீழே 'எத்திக்ஸ் கமிட்டி' அட்டவணையில் அதே ஆஸ்பத்திரிக்கு நேராக 'அப்ரூவ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். 'சப்மிட்டட்' என்றால் நெறிமுறைக் குழு இன்னும் ஒப்புதல் தரவில்லை. பல ஊர்களில் நடக்கும் டிரையலில் மும்பையில் ஆள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே திருவனந்தபுரத்தில் ஒப்புதல் நிலுவையில் இருக்கலாம். மேலே 'ஓப்பன்' என்று பார்த்துவிட்டுக் கிளம்பி வந்து ஏமாறுவது இதனால்தான். டி.சி.ஜி.ஐ., அதாவது இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின், அனுமதிக் கட்டத்தில் 'நாட் அப்ளிக்கபிள்' என்று இருந்தால் பதற வேண்டியதில்லை. ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தை வணிக நோக்கமில்லாமல் கல்வி ஆய்வாகச் செய்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலே போதும். ஆனால் பக்கத்தில் மருந்துக் கம்பெனி ஸ்பான்சராக இருந்து, மருந்தும் புதிது என்றால், அந்தச் சொல் அங்கே இருக்கக் கூடாது. கேளுங்கள்.

'போஸ்ட் கிராஜுவேட் தீசிஸ்: எஸ்' என்று இருக்கும் பதிவுகள் ஏராளம். எம்.டி., எம்.எஸ். மாணவர்களின் பட்ட ஆய்வுகள் அவை: மயக்க மருந்தின் இரண்டு அளவுகளை ஒப்பிடுவது, இரண்டு தையல் முறைகளை ஒப்பிடுவது மாதிரி. அவற்றில் தவறில்லை. புது சிகிச்சை தேடி வருகிறவர் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம்.

பக்கத்திலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் 'இன்டர்வென்ஷன் / கம்பேரட்டர்' அட்டவணை. முதல் பகுதி சோதிக்கப்படும் மருந்து. இரண்டாம் பகுதி, குலுக்கலில் அந்த மருந்து விழாதவருக்கு என்ன கிடைக்கும் என்பது. அது இப்போது வழக்கத்தில் இருக்கும் சிகிச்சையா, 'பிளசிபோ' எனப்படும் மருந்தில்லா மாத்திரையா, வழக்கமான சிகிச்சையோடு சேர்ந்த பிளசிபோவா என்பதைப் பொறுத்து முடிவே மாறும். யாருக்கு எது என்பதை டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது. சிபாரிசு பிடித்தாலும் நடக்காது. நோயாளிக்கும் டாக்டருக்கும் எது கொடுக்கப்படுகிறது என்றே தெரியாத முறையும் உண்டு. 'பிளைண்டிங்' கட்டம் அதைச் சொல்லும். டிரையல் என்றாலே புது மாத்திரை என்று நினைக்கவும் வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே 1996இல் தொடங்கிய வாய்ப்புற்றுநோய் ஆய்வில் குலுக்கிப் பிரித்தது ஆட்களை அல்ல, 13 பஞ்சாயத்துகளை: ஏழில் வீடு தேடிப்போய் வாயைப் பரிசோதித்தார்கள், ஆறில் வழக்கமான கவனிப்பு. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுநோய் மரணம் குறைந்தது என்று 2005இல் முடிவு வந்தது.

ஆய்வின் கட்டம், அதாவது 'ஃபேஸ்', பற்றிச் சுருக்கமாக: ஒன்றாம் கட்டம் சிலரிடம் பாதுகாப்பையும் அளவையும் பார்ப்பது. இரண்டில் நோய்க்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஆட்களிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பீடு. நான்கு, விற்பனைக்கு வந்த பிறகான கண்காணிப்பு.

பெரும்பாலோர் தட்டிக்கழிக்கப்படுவது 'எக்ஸ்குளூஷன் கிரைட்டீரியா'வில், அதாவது யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பட்டியலில். புற்றுநோய் ஆய்வுகளில் 'ஈகாக் 0–1' என்று நிபந்தனை இருக்கும்; நோயாளி எந்த அளவுக்கு நடமாடுகிறார், வேலை செய்கிறார் என்பதற்கான எண் அது. 0 என்றால் முன்புபோல எல்லா வேலையும் செய்கிறார். 1 என்றால் கடின வேலை முடியாது, நடமாட்டத்துக்கும் இலகுவான வேலைக்கும் தடையில்லை. 2 என்றால் தன் காரியம் பார்த்துக்கொள்கிறார், வேலைக்குப் போக முடியாது, ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறார். பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ என்றால் 3. பெரும்பாலான மருந்து டிரையல்கள் எடுக்காது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், ஏற்கெனவே ஏறிய கீமோ எத்தனை, சமீபத்தில் வேறு டிரையலில் இருந்தாரா என்பவையும் பார்க்கப்படும். நம் பகுதிக்கென்று ஒன்று சொல்ல வேண்டும்: சித்த மருந்தோ ஆயுர்வேதக் கஷாயமோ சாப்பிட்டிருந்தால் மறைக்கவே கூடாது. நடுவில் கல்லீரல் ரத்த அளவுகள் ஏறினால், காரணம் டிரையல் மருந்தா கஷாயமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது; நோயாளிக்கு வேலை செய்துகொண்டிருந்த மருந்தே நிறுத்தப்படலாம்.

தொடர்புக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். 'சயின்டிஃபிக் குவெரி' ஆய்வாளர்களுக்கு. 'பப்ளிக் குவெரி' என்று இருப்பவரைத்தான் நீங்கள் அழைக்க வேண்டும். பதிவெண்ணைச் சொல்லித் தொடங்குங்கள். இந்த ஆஸ்பத்திரியில் இடம் இன்னும் இருக்கிறதா, எத்தனை முறை வர வேண்டும், பஸ் செலவும் உடன் வருபவரின் செலவும் தருவார்களா, எந்தப் பரிசோதனைக்கு நாம் பணம் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். கம்பெனி நடத்தும் டிரையலில் தகுதிப் பரிசோதனைகளை அவர்களே புதிதாக எடுப்பது வழக்கம், ஆகவே போவதற்கு முன் தனியார் லேபில் ஸ்கேனுக்குச் செலவழிக்காதீர்கள். பயாப்சி அறிக்கை, அந்தச் சதையின் ஸ்லைடு அல்லது மெழுகு பிளாக், எல்லா டிஸ்சார்ஜ் சம்மரிகளும் போதும். சேர்த்துவிட யாராவது கமிஷன் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பதிவேடு ஒரு வார்த்தையும் சொல்லாத விஷயம் சம்மதப் படிவத்தின் மொழி. எல்லைக்கு அந்தப் பக்க ஆஸ்பத்திரியில் மலையாளமும் ஆங்கிலமும் தயாராக இருக்கும். தமிழ் இருக்கும் என்று உறுதியில்லை. பேச்சு மலையாளம் நமக்குப் புரியும், அதனால் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும். தமிழ்ப் படிவத்தை நெறிமுறைக் குழு பார்த்து ஒப்ப வேண்டியிருப்பதால் நாள் பிடிக்கும். முதல் போனிலேயே கேட்டுவைப்பது நல்லது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முழு நேரமும் உடன் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களுக்குத் தரப்பட வேண்டும். நாமினி பெயரைக் காலியாக விடாதீர்கள். டிரையலால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு போவது அவருக்குத்தான். கணக்கு இப்படி: அடிப்படைத் தொகை 8 லட்சம், அதை வயதுக்கான எண்ணாலும், நோயின் தீவிரத்தைப் பொறுத்து 0.5 முதல் 4 வரையிலான எண்ணாலும் பெருக்கி, 99.37ஆல் வகுப்பார்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு வயது எண்ணும் 99.37 என்பதால், தொகை 4 லட்சத்திலிருந்து 32 லட்சம் வரை வரும். 30 நாளில் இறக்கும் அபாயம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்த நோயாளி என்றால் 2 லட்சம் மட்டும்.

அமெரிக்காவின் கிளினிக்கல்டிரையல்ஸ் டாட் கவ் தளத்தில் தேடல் இதைவிடச் சிறப்பு, ஒத்த சொற்களையும் பிடிக்கும். பன்னாட்டுக் கம்பெனி டிரையல் என்றால் இரண்டிலும் பாருங்கள். ஆனால் நம் ஊர்க் கல்லூரி ஆய்வுகள் பலவும் அங்கே இருக்காது.

சேர்ந்த பிறகு ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால், திருவனந்தபுரம்வரை ஓட வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ போங்கள். டிரையல் அட்டையைக் காட்டி, கோஆர்டினேட்டரை அன்றே அழையுங்கள். தீவிரப் பாதிப்பை ஆய்வு டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும். டிரையலால் வந்த பாதிப்பு என்றால் சிகிச்சைச் செலவு அவர்களுடையது, அதனால் பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அசலாகக் கையில் இருக்கட்டும்.