ஓசூர் மாடிச் சுவருக்கு எந்த மெம்பிரேன்? நான்கையும் வைத்துப் பார்த்தேன்

ஓசூர் பாகலூர் ரோடு பக்கம் ஒரு வீட்டு வேலை. கீழ்த்தளம் செங்கல். மேல்தளம் மட்டும் ஜி.ஐ. ஃப்ரேம் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்), வெளியே ஃபைபர் சிமென்ட் போர்டு, உள்ளே ஜிப்சம் போர்டு, நடுவில் கிளாஸ் ஊல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு. வெளிப் போர்டுக்குப் பின்னால் ஃப்ரேமைச் சுற்றி மழைநீரைத் தடுக்கும் தாள் ஒன்று, அதாவது மெம்பிரேன், போக வேண்டும். கடையில் கிடைக்கும் நான்கு வகையை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரரின் மகன் மெல்பேர்னில் இருக்கிறார். போனில் அவர் கேட்டது ஒன்றுதான்: "எதைப் போட்டாலும் சரிண்ணா, ரூல்படி இருக்கா?"

எந்த ஊர் ரூல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்தத் தாள்களுக்கென்றே ஏஎஸ்/என்இசட்எஸ் 4200.1 என்ற தரநிலை உண்டு. நீராவியை எவ்வளவு வெளியே விடுகிறது என்பதை வைத்து 1 முதல் 4 வரை வகுப்பு பிரிக்கிறார்கள், 4-தான் அதிகம் விடுவது. 2022 கட்டட விதிப்படி அங்கே 4, 5-ம் தட்பவெப்ப மண்டலங்களில் நியூட்டன்-நொடிக்குக் குறைந்தது 0.143 மைக்ரோகிராம் நீராவி போக வேண்டும் (தாள் எவ்வளவு ஆவி விடும் என்பதை அளக்கும் அலகு இது). மெல்பேர்ன் இருக்கும் 6-ம் மண்டலத்திலும், அதைவிடக் குளிரான 7, 8-லும் குறைந்தது 1.14. டார்வின், பிரிஸ்பேன் போன்ற சூடான ஊர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நம் பக்கம் பிளான் அப்ரூவலுக்குப் போனபோது இந்த எண்ணை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காததால் பொறுப்பு கட்டுகிறவன் தலையில் இன்னும் கூடுதலாக விழுகிறது.

நான் பார்ப்பது மூன்று: மழைநீரைத் தடுக்க வேண்டும், உள்ளே சேரும் ஆவியை வெளியே விட வேண்டும், எளிதில் தீப்பற்றக் கூடாது. கடையில் முதலில் சொல்வது ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பது. தாள் கனமாக இருப்பதால் இந்த மூன்றில் எதுவும் உறுதியாகிவிடாது.

முதலில் தார் ஃபெல்ட். பழைய ஆள், ஐஎஸ் 1322 என்று தரநிலையும் இருக்கிறது. தண்ணீரை நன்றாகவே தடுக்கும். ஆனால் தருமபுரி வெயிலில் இளகும், வருஷம் போகப் போக மடிப்பில் வெடிக்கும், தீ பிடித்தால் எரியும். மொட்டை மாடிக்கும் அஸ்திவாரத்துக்கும் அது போகட்டும், ஃப்ரேம் சுவருக்கு வேண்டாம்.

அடுத்தது பொடித் துளை போட்ட நெய்த பிளாஸ்டிக் தாள். விலை குறைவு. துளை வழியாக ஆவி போகும், அதே துளை வழியாகக் காற்றோடு அடிக்கும் மழையும் வரும். ஐப்பசியில் சாரல் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இதையும் தள்ளிவிட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்: அலுமினிய பபிள் ஷீட் (காற்றுக் குமிழ்த் தாளின் மேல் அலுமினிய ஃபாயில்), ஆவி விடும் நான்-ஓவன் (நெய்யாத துணி போன்ற) மெம்பிரேன்.

பபிள் ஷீட் எல்லோருக்கும் பழக்கம், செட்டு (கொட்டகை) போடும் எந்த ஆளும் ஒட்டிவிடுவார். தண்ணீர் ஒரு சொட்டு போகாது. வெப்பத்தையும் திருப்பி அனுப்பும், ஆனால் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால் மட்டும். போர்டோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பலன் கிடைக்காது. இதன் பெரிய குறை, ஆவியையும் விடாது. சில வருஷத்துக்கு முன் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு செட்டில் ஆட்கள் தங்கிச் சமைக்கும் அறைக்கு நானே இதைச் சுற்றி, தாள் சேரும் இணைப்புகளையெல்லாம் டேப் போட்டு அடைத்தேன். தை மாதக் காலையில் உள்போர்டைக் கழற்றினால் கிளாஸ் ஊல் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. மழை உள்ளே வரவில்லை. சோறு வடித்த ஆவியும் ஆட்களின் மூச்சும் போர்டு இடுக்கில் போய், இரவுக் குளிரில் ஃபாயிலின் உள்பக்கம் தண்ணீராக இறங்கியிருக்கிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். மார்கழி, தையில் இது நடக்கத்தான் செய்யும்.

நான்-ஓவன் மெம்பிரேன் இதற்கு நேர் எதிர். நடுவில் மெல்லிய ஃபிலிம், இருபுறமும் துணி போன்ற அடுக்கு. தண்ணீரை நிறுத்தும், ஆவியை விடும். ஃப்ரேம் கட்டும் மேஸ்திரி தொட்டுப் பார்த்துவிட்டு, "இது துணி மாதிரி இருக்கு சார், தண்ணி நிக்குமா?" என்றார். ஒரு துண்டைக் கிண்ணம்போல் மடக்கித் தண்ணீர் ஊற்றி ராத்திரி வைத்துவிட்டுப் போனோம். காலையில் அடியில் ஈரம் இல்லை. அவர் மனம் மாறியது அதில்தான். குறைகளும் உண்டு: விலை அதிகம், வெயிலில் நாள்கணக்காகத் திறந்து கிடந்தால் கெட்டுவிடும். எத்தனை நாளுக்குள் மூட வேண்டும் என்று கம்பெனித் தாளில் போட்டிருப்பார்கள். அதற்குள் போர்டு ஏறிவிட வேண்டும்.

தீ விஷயத்தில் இரண்டையுமே நம்பிவிட முடியாது, இரண்டும் பிளாஸ்டிக் குடும்பம். 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். தீ வெளிச்சுவரில் அவ்வளவு வேகமாக ஏறியதற்கு முக்கியக் காரணம் அலுமினியப் பலகைகளின் நடுவில் இருந்த பாலித்தீன். மெம்பிரேன் அந்தப் பலகை அல்ல, ஆனாலும் எரியும் தன்மைக்கான சோதனைச் சான்று இல்லாமல் நான் வாங்க மாட்டேன். ஆஸ்திரேலிய முறையில் ஏஎஸ் 1530.2 சோதனையில் எரிதிறன் எண் 5-க்கு மேல் போகாததைத்தான் குறைந்த எரிதிறன் என்கிறார்கள். சான்றில் இருக்கும் பொருளின் பெயரும் ரோலில் அச்சிட்ட பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சப்ளையர் வேறொரு தாளின் சான்றை அனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டேன்.

இந்த வீட்டுக்கு 4-ம் வகுப்பு நான்-ஓவன் என்று முடிவு செய்தேன். மெல்பேர்ன் விதிக்காக அல்ல. இங்கே ஏசி கிடையாது, சமையலும் குளியலும் மேல்தளத்திலேயே, இரவில் குளிர். சுவர் வெளிப்பக்கமாகக் காய வேண்டும். ரோஜா வைக்கும் குளிர் அறை என்றால் தலைகீழாகச் சொல்லியிருப்பேன்: அங்கே ஆவி வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும், வெளிப்பக்கத்தில் ஆவியை அடைக்கும் தாளே வேண்டும். தருமபுரியில் மேற்கு பார்த்த சுவர் என்றால் ஆவியும் விட்டு வெயிலையும் திருப்பும் ஃபாயில் முகம் கொண்ட மெம்பிரேனைக் கேட்டுப் பார்க்கலாம், ஒரு அங்குல இடைவெளி விட இடம் இருந்தால்.

ரோல் வந்துவிட்டது. கீழிருந்து மேலாகச் சுற்றி, மேல் தாள் கீழ்த் தாளின் மேல் 150 மில்லிமீட்டர் விழும்படி மேஸ்திரிக்குச் சுவரில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஜன்னல் மூலைக்கான டேப் இன்னும் வரவில்லை. அது கைக்கு வந்த பிறகுதான் ரோலைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.