ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூ: மணி தெரியாத கணினியோடு சில ஆண்டுகள்

ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூ என்ற, ஒரே பலகையில் அடங்கிய சிறு கணினியை வீட்டில் வைத்து உருப்படியாக எதுவும் செய்ய முடியுமா, அல்லது 2021-இல் வந்த அதன் அடுத்த பதிப்பான ஜீரோ 2 டபிள்யூவையே வாங்கிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டதால் இங்கே பகிர்கிறேன். பலகையின் அளவு, நினைவகம் முதலியவை தேடினாலே கிடைக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கிறேன்.

என் வீட்டில் அதற்கு இரண்டு வேலைகள். விளம்பரத் தளங்களைத் தடுக்கும் பைஹோல், தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் அன்பவுண்ட் என்ற இரு மென்பொருள்களையும் ஓட்டி, வீட்டிலுள்ள கைபேசிகளுக்கும் தொலைக்காட்சிக்கும் டிஎன்எஸ் சேவையகமாக (தளப் பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் கணினியாக) இருந்து விளம்பரங்களைத் தடுப்பது ஒன்று. மொட்டைமாடித் தொட்டியில் பொருத்திய மீயொலி உணரியைக் கொண்டு நீர்மட்டத்தை அளந்து பதிவது மற்றொன்று. (உணரி 5 வோல்ட்டில் திருப்பி அனுப்பும் சைகையை இரண்டு மின்தடைகளால் 3.3 வோல்ட்டுக்குக் குறைத்த பிறகே பலகையின் இணைப்பு முள்ளில் இணைக்க வேண்டும்; இதைப் பல செய்முறைக் காணொளிகள் சொல்வதே இல்லை.) ஒற்றைக் கருச் செயலி இரண்டையும் தாங்குமா என்ற ஐயம் இருந்தது. தாங்குகிறது. சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே இழுப்பதால், மாதம் முழுவதும் ஓடினாலும் மின் கணக்கில் ஒரு யூனிட்டைக்கூட எட்டுவதில்லை.

எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2017 பிப்ரவரியில் 10 டாலர் விலையில் வெளியான இப்பலகையின் ஆர்ம்வி6 என்ற பழைய வகைச் செயலியை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 32-பிட் ஆர்ம்எச்எஃப் பதிப்பு ஏற்பதில்லை. அது அடுத்த தலைமுறையான ஆர்ம்வி7-ஐக் கேட்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸும் 12-ஆம் பதிப்போடு இதற்கான அதிகாரபூர்வத் தொகுப்புகளை நிறுத்திவிட்டது. ஆயினும், 32-பிட் ராஸ்பெரி பை இயங்குதளம் இந்தப் பழைய செயலிக்காகவே தனியாகத் தொகுக்கப்படுகிறது. இந்த விலைக்கு இவ்வளவு நீண்ட ஆதரவை வேறு எந்த மின்னணுப் பொருளிலும் நான் பெற்றதில்லை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். இதில் மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் கிடையாது. ராஸ்பெரி பை 5-க்கு முந்தைய வழக்கமான பலகைகள் எதிலும் கிடையாது. தெருவோரக் கடையில் விற்கும் மலிவான கைக்கடிகாரம்கூட மணி காட்டும்போது, லினக்ஸ் ஓடும் ஒரு கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் இணையத்தைத்தான் மணி கேட்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் தடைபடாத வீட்டில் இது ஒரு பொருட்டே அல்ல. எங்கள் பகுதியிலோ, மழைக்காலத்தில் மின்வெட்டு இல்லாத வாரத்தைக் காண்பதே அரிது.

கணினி தரவை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மைக்ரோ எஸ்டி அட்டையின் கோப்பு முறைமை கெடக்கூடும் என்பதால், ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் உள்ள ஓவர்லே வசதியை (மாற்றங்களை அட்டையில் எழுதாமல் நினைவகத்தில் மட்டும் வைப்பது) இயக்கி அட்டையைப் படிக்க மட்டும் என்று மாற்றுவது வழக்கம்; நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நீர்மட்டப் பதிவுகள் மட்டும் ஓடிஜி எனும் யூஎஸ்பி இணைப்பு வழியாக ஒரு பென்டிரைவுக்குப் போகின்றன. ஆனால் கடிகாரம் இல்லாத குறையை ஈடுகட்ட, இயங்குதளம் கடைசியாக அறிந்த நேரத்தை அதே அட்டையில்தான் ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கிறது. ஓவர்லே இயங்கும்போது அந்தக் கோப்பு நினைவகத்தில் மட்டும் புதுப்பிக்கப்பட்டு, மின்சாரம் போனதும் அழிந்துவிடுகிறது. எனவே ஐந்து நிமிட மின்வெட்டு என்றாலும், கணினி மீண்டும் விழிப்பது ஓவர்லேயை இயக்கிய நாளில்தான். அது பல மாதங்களுக்கு முந்தைய நாளாகவும் இருக்கலாம்.

அதன் பின் நடப்பதுதான் கொடுமை. அன்பவுண்ட், டிஎன்எஸ் விடைகள் உண்மையானவை எனக் காட்டும் மின்னணுக் கையொப்பங்களைச் சரிபார்க்கிறது. கையொப்பத்துக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் கணக்கில் இன்றைய கையொப்பங்கள் யாவும் எதிர்காலத்தைச் சேர்ந்தவை. ஆகவே டிஎன்எஸ் பெயர் அமைப்பின் உச்சியான வேர் மண்டலம் முதலே எல்லாவற்றையும் போலி என்று தள்ளிவிடுகிறது. சரியான நேரத்தைக் கேட்கலாம் என்றால், நேரச் சேவையகத்தின் பெயருக்கு முகவரி கண்டுபிடிக்க அதே அன்பவுண்டைத்தான் அணுக வேண்டும். நேரம் தெரியாமல் பெயர் கிடைக்காது, பெயர் கிடைக்காமல் நேரம் தெரியாது. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், வீட்டில் யாருக்கும் இணையம் இருக்காது. என் பெயர்தான் அடிபடும்.

நேரச் சேவையகத்தின் பெயருக்குப் பதிலாக அதன் ஐபி முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதினால் இந்த முடிச்சு அவிழும். ஆனால் இணைய இணைப்பு உயிர்பெறும் வரையிலான நிமிடங்களில் பதிவாகும் நீர்மட்ட அளவுகள் எல்லாம் பழைய தேதியிலேயே விழும். ஆகவே டிஎஸ்3231 கடிகாரத் துணைப்பலகையைச் சேர்த்தேன். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாத, துல்லியமான சில்லு அது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் மலிவான துணைப்பலகைகளில் மின்கலத்துக்கு மின்னேற்றும் சுற்று ஒன்று இருக்கும். மறுமின்னேற்றம் கூடாத சிஆர்2032 மின்கல வில்லையைப் போட்டால் 5 வோல்ட் முள்ளில் இணைக்காமல் 3.3 வோல்ட்டில்தான் இணைக்க வேண்டும். எனக்கு விற்ற கடைக்காரருக்கு அந்த வேறுபாடே தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு எத்தனை முறை மின்சாரம் போய் வந்தாலும் வீட்டில் இணையம் தானாகவே மீள்கிறது.

ஜீரோ 2 டபிள்யூ நான்கு கருக்களோடு வருவதால் வேகம் மிகுதிதான். ஆனால் நினைவகம் அதே 512 எம்பி, கடிகாரம் அதே இல்லாமை. மின்னழுத்தக் குறைவைக் கண்டறிந்து எச்சரிக்கும் சுற்று மற்ற பலகைகளில் உண்டு, ஜீரோ வரிசையில் அதுவும் இல்லை. அடாப்டர் சோர்ந்து போனால் நாமேதான் ஊகிக்க வேண்டும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தால் அதையே டிஎன்எஸ் சேவையகமாக்குங்கள். மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் என்றாலும், அதில் மின்கலமும் உண்டு, கடிகாரமும் உண்டு. என்னுடைய ஜீரோவை விற்பீர்களா என்று மட்டும் கேட்க வேண்டாம், விற்பதாக இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்றால், முட்கள் பற்றவைத்தே வரும் வகையைத் தேர்ந்தெடுத்து, டிஎஸ்3231-ஐயும் அதே பொட்டலத்தில் வரவழைத்துவிடுங்கள்.