தினமும் ஓடும் பத்மினிக்கு சஸ்பென்ஷன் வேலை: எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

அப்பா 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி எங்களுடையது. உறை போட்டு மூடி வைக்கும் வண்டி இல்லை. பல்லாவரத்திலிருந்து சைதாப்பேட்டைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறது. அதில் இரண்டு நாள் பின்சீட்டில் அம்மா இருப்பார், பிசியோதெரபிக்கு. அதனால் சஸ்பென்ஷனில், அதாவது குழி மேட்டின் அடியைத் தாங்கும் அமைப்பில், எதை மாற்றினாலும் எனக்கு ஒரே அளவுகோல்தான்: அம்மாவின் இடுப்பு.

போன மழைக்குப் பிறகு வேகத்தடையில் இறங்கினால் வண்டி தொட்டில் மாதிரி மூன்று முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும். முதலில் போன கடையில், "பின்னாடி இறங்கியிருக்கு சார், ரெண்டு பக்கமும் ஒரு பட்டை சேர்த்துடலாம்" என்றார்கள். இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பின் ஸ்பிரிங்கைத்தான் கமான் என்பார்கள். அதில் பட்டை சேர்த்தேன். வண்டி கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. ஆனால் ஆளில்லாமல் பார்த்தால் 900 கிலோவை ஒட்டிய எடைதான் இந்த வண்டிக்கு. பின்னால் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் அந்தக் கமான் வளையவே இல்லை. குழியில் விழும் அடி அப்படியே சீட்டுக்கு வந்தது. "இதுக்கு ஆட்டோவே தேவலைடா" என்று அம்மா சொன்ன வாரமே கழற்றக் கொடுத்துவிட்டேன். நாலு பேரும் மூட்டையுமாக எப்போதும் ஓடும் வண்டிக்கு அது சரிப்படலாம். வீட்டு வண்டிக்கு வேண்டாம்.

இரண்டாவதாகப் போனது புதுப்பேட்டையில் கமான் வேலை மட்டும் செய்யும் ஒரு சின்னப் பட்டறை. இந்த விமரிசனம் எழுதுவதே அவர்களுக்காகத்தான். அங்கிருந்த பெரியவர் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் அடை மாதிரி உதிர்ந்த துருவை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினார். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் கமான் வேலை செய்யும். துரு அவற்றைக் கட்டிப்போட்டிருந்தது. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வளைவு வரைந்து, வலது இடது இரண்டு மெயின் பட்டையையும் அதே கோட்டில் வைத்துப் பார்த்து, சூடு காட்டாமல் சுத்தியலால் தட்டித் தட்டியே வளைவைக் கொண்டுவந்தார். "நெருப்புல வச்சா சீக்கிரம் வேலை முடியும் தம்பி, ஆனா பட்டையோட முறுக்கு போயிடும்" என்றார். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ், அவற்றைக் கோக்கும் புது சென்டர் போல்ட், கமானை அச்சோடு கட்டும் புது யூ போல்ட். மாலைக்குள் வேலை முடிந்தது. 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப வரச் சொன்னார். போனபோது யூ போல்ட் நட்டுகள் கால் சுற்று இறங்கின. இதை வேறு எந்தக் கடையிலும் எனக்குச் சொன்னதில்லை.

முன்சக்கரத்தைத் தாங்கும் கைகளுக்கு ஆர்ம் என்று பெயர். அவற்றின் மூட்டில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் உறைதான் புஷ். அதற்குப் பதிலாகக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் வாங்கிப் போட்டேன். ஸ்டீயரிங் பிடிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பர் புஷ் தானே முறுக்கிக்கொண்டு ஆர்ம் ஆட இடம் கொடுக்கும். இது கிரீஸில் வழுக்கியாக வேண்டும். இரண்டாம் மாதம் கிரீஸ் காய்ந்து, திண்ணை ஊஞ்சல் மாதிரி கிரீச்சிட்டது. மறுபடியும் ரப்பருக்கே வந்துவிட்டேன். ரப்பர் போடுபவர்கள் ஒன்று கவனியுங்கள்: வண்டி ஜாக்கியில் தொங்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் நான்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கிய சாதாரண ஆயில் வகை. வாயு அடைத்த கேஸ் வகை ஷாக் அப்சார்பர் போட்டிருக்கும் நண்பரின் பத்மினியை ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். வேகத்தில் அருமை. நம் நெரிசலில் 30-ல் ஊரும்போது சின்னச் சின்ன வெடிப்புகள்கூடக் கைக்குத் தெரிந்தன. எனக்கு ஆயிலே போதும். மாட்டுவதற்கு முன் நேராகப் பிடித்து ஐந்தாறு முறை இழுத்து அழுத்தி உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். முன் காயில் ஸ்பிரிங்கை அரைச் சுற்று வெட்டி வண்டியைத் தாழ்த்தலாம் என்றும் ஒருவர் சொன்னார், கட்டாயம் செய்யாதீர்கள். வெட்டினால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும், கீழே இறங்கும் இடமும் குறையும்.

ஏழு மாதமாக இப்படியே ஓடுகிறது. வேகத்தடையில் ஒரே அசைவு, அதோடு நின்றுவிடுகிறது. போன மாதம் காஞ்சிபுரத்துக்கு வாடகைக் கார் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "நம்ம வண்டி இருக்கே" என்றார் அம்மா. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.