கொடைக்கானலில் இண்டி பேண்ட் கச்சேரி: புல்வெளியா, மண்டபமா?

முதலில் ஒரு சின்னக் குழு, பிறகு முக்கிய பேண்ட் என்று மலையில் இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராமல் சொந்தப் பாட்டு வாசிக்கும்) கச்சேரி போடுபவர்கள் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: புல்வெளி என்றால் மேடை, ஜெனரேட்டர், தார்ப்பாய் எல்லாமே தனி வாடகை. மண்டபத்தில் பாதி வேலை முடிந்தே இருக்கும்.

நேரம்: சிக்கல் இங்கேதான். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. முதல் குழு அரை மணி இழுத்தால், அது முக்கிய பேண்டின் கணக்கில்தான் கழியும். சத்தம் உள்ளேயே அடங்கும் அரங்குகளுக்கு விலக்கு உண்டு.

ஒலி: சுமார் 2,100 மீட்டர் உயரம், பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். கிடார் கம்பி இறுகிச் சுருதி ஏறும், புல்லாங்குழலில் இறங்கும். இரண்டும் ஒரே பாட்டில் வந்தால் கேட்கவே வேண்டாம்! முதல் குழு வாசிக்கும்போதே அடுத்தவர்களின் வாத்தியங்களை மேடையோரம் கொண்டுவந்து குளிருக்குப் பழக்க வேண்டும். மண்டபத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தகரக் கூரையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் டிரம்ஸே கேட்காது.

இ-பாஸ்: வெளியூர் ரசிகர்களின் வண்டிகளுக்கு எங்கே நடத்தினாலும் வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் மாலை 5 மணிக்கே தொடங்க முடிந்தால் புல்வெளி. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், யோசிக்காமல் மண்டபம்.