கப்பலுக்கென்று தைத்த கோட்டு: சில வருடப் பாவனைக்குப் பிறகு

போன கிழமை என் கோட்டு தையற்கடையிலிருந்து திரும்பி வந்தது. வலது கக்கத்துப் பக்கம் லைனிங் நைந்து கிழிந்து, கையை நுழைத்தால் விரல் போய்த் துணிக்குள் மாட்டிக்கொள்ளும் நிலை. ஹட்டனில் அதைத் தைத்துக் கொடுத்தவரே பிரித்து மாற்றித் தந்தார். "நல்ல துணி சேர், இன்னும் பத்து வருசம் கிடக்கும்" என்றார். கிடக்கும்தான். கிடப்பதுதானே அதற்கு வேலை.

அன்று சாயங்காலமே என்னோடு படிப்பித்த நண்பர் ஒருவர் போன் பண்ணினார். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய் வரும் கப்பலில் மகன் அவருக்கும் மனைவிக்கும் இடம் போட்டிருக்கிறானாம். "சேர், ஒரு ராத்திரிக்கு ஃபோர்மல்னு போட்டிருக்காங்களே, கோட்டு தைக்கத்தான் வேணுமா?" கட்டாயம் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. போன் சூடாகும்வரை பேசினேன். கடைசியில் அடுப்படியிலிருந்து மனைவி, "எழுதிக் குடுத்திருங்க, மனுசன் சாப்பிடப் போகட்டும்" என்றாள்.

கப்பல் எவ்வளவு பெரிசு, எத்தனை மாடி, பஃபேயில் என்னென்ன கிடைக்கும் என்பதெல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. நான் சொல்லப்போவது உடுப்பைப் பற்றி.

பகலில் யாரும் எதுவும் கேட்பதில்லை. நீச்சல் உடுப்போடும் வெறுங்காலோடும் சாப்பாட்டு மண்டபத்துக்குள் வரக் கூடாது, அவ்வளவுதான். ராத்திரி பெரிய மண்டபத்தில் சாப்பிடுவதென்றால் ஆண்களுக்கு நீளக் காற்சட்டையும் கொலர் வைத்த சட்டையும். நாலைந்து நாள் பயணத்தில் ஒரு ராத்திரி, ஒரு கிழமைப் பயணமென்றால் பெரும்பாலும் இரண்டு ராத்திரி, ஃபோர்மல். முன்பெல்லாம் அன்றைக்கு என்ன உடை என்று அச்சடித்த தாள் ஒன்று கேபினுக்கு வரும், இப்போது போன் செயலியில் வருகிறது. கம்பனிக்குக் கம்பனி இது மாறும். குனார்ட் கப்பல்களில் 'காலா' என்கிற விசேட இரவென்றால் டக்சீடோ என்கிற போ டை கட்டும் விருந்து உடுப்பு, இல்லாவிட்டால் கறுத்த சூட்டும் டையும். உடுத்த மனமில்லாதவர்கள் பஃபேயிலும் இன்னும் இரண்டொரு இடத்திலும் ஒதுங்கிக்கொள்ளலாம். அதற்கு நேரெதிர் நோர்வீஜியன். 2000-ஆம் ஆண்டிலேயே 'ஃப்ரீஸ்டைல்' என்று பெயர் வைத்து இந்தக் கட்டாயத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறார்கள். நாங்கள் போகும் கப்பலும் அந்த நடுவில் நிற்கிற ரகம்தான். என் வயிற்றெரிச்சல் முழுக்க அந்த நடுவில்தான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். துணி கம்பளி கலந்தது, கறுப்பு. மகள் அனுப்பிய பணத்தில் தைத்தேன், என் பென்ஷனில் தைத்திருந்தால் அந்த மாதம் கையைக் கடித்திருக்கும். முதலில் நுவரெலியாவில் மூட்டை மூட்டையாக உடுப்பு வந்து மலிவாக விற்கும் பேல் பஜாரைத்தான் அலசினேன். குளிர் ஜாக்கெட் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒழுங்கான சூட்டு அகப்படவில்லை. (போகிறபோக்கில் ஒன்று: கரீபியன் பக்கம் கப்பல் ஏறுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், பேல் பஜாரில் வாங்கிய பச்சைப் புள்ளி இராணுவ ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பார்படோஸ், ஜமேக்கா போன்ற இடங்களில் பொதுமக்கள் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம்.) கோட்டு தோளில் சரியாக உட்காரும், பொத்தான் ஒன்றுகூட இதுவரை கழன்றதில்லை. கப்பலின் சாப்பாட்டு மண்டபத்தில் ஏசியை அள்ளிப் போடுவார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நம் மலைநாட்டு ஜனவரி மாதிரி சுகமாக இருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த ஃபோர்மல் ராத்திரி உண்மையிலேயே அழகு. பகலெல்லாம் அரைக் காற்சட்டையும் நனைந்த துவாயுமாக வரிசையில் இடித்துக்கொண்டு நின்ற அதே ஆட்கள்தான். ஏழு மணிக்கு மாடிப்படியில் இறங்கி வரும்போது நடையே மாறிவிடுகிறது. வயசான சோடிகள் கை கோர்த்து வருவார்கள். பலகணி வைத்த அறைக்காரர் யார், எங்களைப் போலச் சன்னலே இல்லாத உள் அறைக்காரர் யார் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்தில் லயத்துப் பிள்ளை, பங்களாப் பிள்ளை என்று பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது.

அந்த ருசி எனக்கு முதல் தடவை ஒரு மணித்தியாலம்கூட நீடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்க மகள் கூட்டிப் போயிருந்தாள். கறுத்தக் கோட்டு, வெள்ளைச் சட்டை, மருமகன் கட்டிவிட்ட போ டை. ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். நல்ல முகம், அறுபது அறுபத்தைந்து இருக்கும். குடித்து முடித்த கப்பை சோசரோடு என் கையில் வைத்து, இன்னொரு கோப்பி, பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன். அதுதான் விசயம். கை தானாக நீண்டது. எங்கள் சித்தப்பா தோட்டத் துரையின் பங்களாவில் சமைத்துப் பரிமாறும் அப்புவாக இருந்தவர். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக அவர் தட்டு ஏந்துவதைச் சின்ன வயதில் குசினி வாசலிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன். நான் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன், என் கையில் எச்சில் கப்.

பக்கத்தில் நின்ற உண்மையான வெயிட்டர் பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டான். தூத்துக்குடிப் பையன். நெஞ்சுப் பட்டையில் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், டை மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு. எங்க மேனேஜர் பாத்தா சத்தம் போடுவார்" என்றான். நானும் சிரித்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு அவனே கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தான். அவருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அன்றைக்குக் கறுப்புக் கோட்டுப் போட்ட மாநிறக்காரர்கள் அந்த மாடியில் முக்கால்வாசிப் பேர் வேலைக்காரர்கள்தான். கோட்டுமேல்தான் கோபம்.

அதற்கு மேல் நடந்தது இன்னும் மோசம். மண்டப வாசலில் எங்களுக்கு முன்னால் ஒருவர், முழங்காலுக்குக் கீழே நிற்கும் காற்சட்டையும் பூப்போட்ட சட்டையுமாக. வாசலில் நின்றவர் ஒரு நொடி தயங்கினார், ஒரு புன்னகை, "உள்ளே வாருங்கள் சேர்." முடிந்தது. ஹட்டனில் துணி எடுத்து, இரண்டு தடவை அளவு பார்த்து, பெட்டியில் கசங்காமல் இருக்கத் தனி உறை வாங்கி, மலையிலிருந்து கட்டுநாயக்க வரைக்கும் மடியில் வைத்துக் கொண்டுபோன கோட்டுக்கு அந்தப் புன்னகைகூடக் கிடைக்கவில்லை.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. காசு கொடுத்து விடுமுறைக்கு வந்தவர், எனக்கு வசதியானதை உடுத்துகிறேன் என்பார். வாசலில் நிற்கிற ஊழியர்தான் பாவம், ஒரு பயணி முறைப்பாடு எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் விதி ஒன்றை எழுதி வைத்துவிட்டு அதைக் காப்பாற்றுவதைப் பயணிகளின் வெட்கத்திடம் ஒப்படைத்தால், வெட்கப்படுகிறவன் மட்டும் கோட்டுத் தைப்பான். நுவரெலியா ஹில் கிளப்பைப் பாருங்கள். 1876-இல் துரைமார் தொடங்கியது. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் வேண்டும் என்பதை இன்றைக்கும் விடவில்லை. ஆனால் இல்லாமல் வருகிறவருக்குக் கொடுக்க அங்கேயே கோட்டும் டையும் வைத்திருக்கிறார்கள். துரைத்தனம்தான், இருந்தாலும் நேர்மையான துரைத்தனம். விதி போடுகிறவன் கோட்டும் கொடுக்க வேண்டும்.

அடுத்த பயணத்தில் வேட்டி கட்டினேன். ஜரிகைக் கரை வேட்டி, மேலே அதே கோட்டு. எங்கள் தாத்தாவின் ஒரே படத்தில் அவர் அப்படித்தான் நிற்கிறார், கங்காணிக் கோட்டும் தலைப்பாகையும் வேட்டியுமாக. கால் மட்டும் வெறுங்கால், நான் சப்பாத்துப் போட்டேன். மருமகனுக்குத்தான் பதற்றம். "மாமா, உள்ள விடுவாங்களா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். தேசிய உடையை ஃபோர்மல் உடையாக ஏற்போம் என்று எழுத்திலேயே வைத்திருக்கும் கம்பனிகள் உண்டு, எங்கள் கப்பலிலும் ஒரு தடையும் இல்லை. வாசலில் நின்றவர் குனிந்து வணக்கமே சொன்னார். ஆனால் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு பேர் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், சாப்பிடும்போது இன்னும் இரண்டு பேர். ஆக, கோட்டுப் போட்டால் கோப்பி கேட்கிறார்கள், வேட்டி கட்டினால் படம் கேட்கிறார்கள். பேசாமல் சோறு தின்ன ஒரு உடுப்பு வேண்டும் எனக்கு. வேட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இடுப்பில் பெல்ட் இல்லாமல் மேல் தளத்துக்குப் போகாதீர்கள். அங்கே அடிக்கிற காற்றுக்கு மரியாதை தெரியாது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு என் மனைவி எந்தக் கவலையும் இல்லாமல் வந்தாள். ஒரு பட்டுச் சேலை. பகல், ராத்திரி, ஃபோர்மல், ஃபோர்மல் இல்லை என்ற பேச்சே அதற்குக் கிடையாது. பெட்டியில் என் கோட்டு பிடித்த இடத்தில் அவள் மூன்று சேலை வைப்பாள். மகளுக்குக் கவுன் ஒன்று, அதற்குச் சேர்ந்த சப்பாத்து, அதற்குச் சேர்ந்த கைப்பை என்று போன பணத்தைப் பார்த்தால் பெண்களுக்கெல்லாம் சுலபம் என்றும் சொல்ல முடியாது. சேலை கட்டுகிறவர்களுக்குச் சுலபம்.

இஸ்திரிப் பெட்டி கொண்டு போகாதீர்கள், ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை, அதனால் கேபினில் இஸ்திரி மாதிரிச் சூடாகும் சாமான் ஆகாது. கப்பலில் கொடுத்து அழுத்தினால் காசு. குளியலறையில் கோட்டைத் தொங்கவிட்டு, சுடுதண்ணியைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டால் ஆவியிலேயே கசங்கல் போய்விடும், கம்பளித் துணியில் ஒரு நல்ல குணம் அது.

கேத்தலுக்கும் பெரும்பாலான கப்பல்களில் அதே தடைதான், பிரித்தானியர்களுக்கென்று ஓடும் சில கப்பல்களில் அவர்களே கேபினில் வைத்திருப்பார்கள். இந்த ஒரு விசயத்தில் உடுப்பை மறந்து அழுதேன். பஃபேயில் குழாயிலிருந்து வெதுவெதுவென்று வரும் தண்ணியும் நூல் கட்டிய பையும். கொழுந்து வாசத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதைத் தேத்தண்ணி என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல பீஓபி தேயிலைத் தூள் ஒரு பக்கட் கொண்டு போயிருந்தேன். தூத்துக்குடிப் பையன்தான் குசினியிலிருந்து கொதிக்கிற தண்ணி கொண்டுவந்து கொடுத்தான், கடைசி நாள் மிச்சத் தூளை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி வீட்டில் கோட்டு படுகிற பாடு. ஆனி ஆடியில் எங்கள் பக்கம் மழை விடாது, அலுமாரிக்குள் எல்லாம் ஈரம். முதல் வருடம் எடுத்துப் பார்த்தபோது கொலருக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். பிரஷால் தட்டி, வெயில் கண்ட அன்று உள்பக்கம் வெளியே வருமாறு காயப்போட்டேன். இப்போது வெயில் வரும் நாளெல்லாம் கோட்டுக்குக் கொடியில் ஒரு இடம். கல்யாண வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன், மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா என்று கேட்டார்கள். கப்பலுக்கு வெளியே அதற்கு வேறு வாழ்க்கை அமையவில்லை.

ஆகவே நண்பருக்கு: தைக்க வேண்டாம். கண்டியில் கல்யாணக் கோட்டு வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, மகனுடைய சூட்டு பொருந்தினால் அதுவும் போதும். நல்ல நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை, ஒரு டை போதும், ஒருவரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். பிடிவாதமாகத் தைத்தே தீருவதென்றால் கறுப்பில் மட்டும் எடுக்காதீர்கள். கருநீலம் எடுங்கள், சாம்பல் எடுங்கள், கோடு போட்டது எடுங்கள். கறுப்பு அங்கே வேலை செய்கிறவர்களின் நிறம்.

டிசம்பருக்கு மகள் மறுபடி ஒரு பயணம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பட்ட பாட்டைப் பார்த்து, ஃபோர்மல் ராத்திரியே இல்லாத கம்பனியாகத் தேடி எடுத்திருந்தாள். விலையும் குறைவு. நேற்று போனில் சொன்னாள். அப்படியென்றால் எதற்குக் கப்பலில் போவான், பழைய கம்பனியிலேயே இடம் போடு என்று சொல்லிவிட்டேன்.